அபெரிஸ்ட்வித்தில் ஐந்து நாள்: கையால் மடித்த செய்தித்தாளும் கொஞ்சம் கடலும்

பிப்ரவரி 26, புதன்

மார்ச் முடிவதற்குள் எடுக்காவிட்டால் வீணாகிவிடும் என்று மூன்று நாள் விடுப்பு பாக்கி இருந்தது. மனைவியும் மகளும் ஊருக்குப் போயிருக்கிறார்கள். பர்மிங்ஹாமில் ரயில் ஏறி உட்கார்ந்தால், எங்கும் மாறாமல் மூன்று மணி நேரத்தில் கடலுக்கு எதிரே இறங்கலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். வேல்ஸின் மேற்குக் கரை, அபெரிஸ்ட்வித். மாறாமல் போகலாம் என்றவர், ரயில் மாறும் என்பதைச் சொல்லவில்லை.

மஹன்லெத் என்ற ஊரில் இந்த ரயில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி அபெரிஸ்ட்வித்துக்கு, மறு பாதி வடக்கே கடலோரமாகப் புத்லெலிக்கு. முன்பே அறிவித்திருப்பார்கள், குறை சொல்ல வழியில்லை. நான்தான் ஷ்ரூஸ்பரி தாண்டியதும் தூங்கிவிட்டேன். விழித்தபோது கண்டக்டர் என் டிக்கெட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள். அதை விட்டால் திரும்பி வருவது கஷ்டம்" என்றார்.

அடுத்த ஸ்டேஷன் டவி ஜங்ஷன். ஜங்ஷன் என்றதும் விழுப்புரத்தை மனதில் வைத்துக்கொண்டு இறங்கினேன். நடைமேடை, ஒரு கண்ணாடிக் கூண்டு, சுற்றிலும் சதுப்பு நிலம், கொஞ்சம் தள்ளி டவி ஆறு, அவ்வளவுதான். கார் வரும் சாலைகூடக் கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். ரயில் போனதும் காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம்.

நல்லவேளை, கூண்டுக்குள் ஒரு பாட்டி இருந்தார். கடலோரத்து டவின் ஊர்க்காரர், கண் மருத்துவரைப் பார்க்க அபெரிஸ்ட்வித் போகிறார். என்னைப் பார்த்ததும் "தூங்கிட்டீங்களா?" என்றார். வாரத்துக்கு ஒருவராவது இப்படி வந்து நிற்பார்களாம். ஃப்ளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த கேள்வி: "அங்கே யார் வீட்டில் தங்குகிறீர்கள்?" ஹோட்டல் பெயரைக் கேட்கவில்லை, யார் வீடு என்றுதான் கேட்டார். முன்பதிவு செய்திருந்த விடுதி அம்மாவின் பெயரைச் சொன்னேன். இரண்டு நிமிடம் யோசித்து, அந்த அம்மாவின் தங்கை முன்பு பால்பண்ணை வைத்திருந்ததையும், மருமகன் ஆட்டுச்சந்தையில் வேலை பார்ப்பதையும் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் அந்தக் கடற்கரையில் யார் வீட்டுக்குக் கூரை மாற்றுகிறார்கள் என்பதுவரை தெரிந்துகொண்டேன்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மழை மேலிருந்து வரவில்லை, கடலிலிருந்து பக்கவாட்டில் வந்தது. நான்கு நிமிடத்தில் குடை தாமரையாக மலர்ந்து கம்பி முறிந்தது. விடுதி அம்மா கதவைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "ஜங்ஷனில் மாட்டிக்கொண்டீர்களாமே." பாட்டி ரயிலிலிருந்தே போன் செய்துவிட்டார்.

பிப்ரவரி 27, வியாழன்

காலை உணவு மேஜையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று 'கேம்பிரியன் நியூஸ்', 1860இல் தொடங்கிய ஆங்கில வாரப் பத்திரிகை. மற்றொன்று முழுக்க வெல்ஷ் மொழியில், பள்ளி ஆண்டுமலர் கனத்தில், பக்கத்துக்குப் பத்து முகங்கள் சிரிக்கும் மாதத் தாள். பெயர் 'அர் அங்கோர்'. சொல்லைக் கேட்டதுமே நங்கூரம் என்று பிடிபட்டுவிட்டது. இந்த வகைத் தாளுக்கு 'பாபிர் ப்ரோ' என்று பெயர். நம் இளைஞர்கள் கூப்பிடும் 'ப்ரோ' இல்லை. வெல்ஷில் 'ப்ரோ' என்றால் சொந்த வட்டாரம், நாம் 'எங்க ஊர்ப் பக்கம்' என்போமே, அது.

விடுதி அம்மா டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே வாசித்து மொழிபெயர்த்தார். இன்னார் இறந்தார், இன்னாருக்குத் தொண்ணூறு வயது, இன்னார் பேரன் ஓட்டுநர் தேர்வில் ஐந்தாவது முயற்சியில் தேறினான் (இதைப் போய் அச்சில் போடலாமா!), மகளிர் மன்றத்தில் நடந்த ஜாம் போட்டியின் முடிவு. "செய்தி எங்கே?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை.

1973இல் கார்டிஃபில் தொடங்கிய 'அ தினெசித்', அதாவது 'குடிமகன்', இந்த வகையில் முதல் தாள். பெரிய பத்திரிகைகள் ஆங்கிலத்தில் வர, வெல்ஷில் படிக்கத் தங்கள் ஊர்ச் செய்தியே இல்லை என்று ஊர்க்காரர்களே கிளம்பியிருக்கிறார்கள். இப்போது வேல்ஸ் முழுக்க ஐம்பதுக்கு மேல் வருகின்றன. எழுதுவது, விளம்பரம் பிடிப்பது, வீடுவீடாகக் கொடுப்பது எல்லாம் சம்பளமில்லாத வேலை. பெயர்களும் நன்றாக இருக்கின்றன. போர்த் பக்கத்துத் தாள் 'அ டிங்கெர்', ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் அடைக்கிறவன். திரெகாரன் பக்கத்துத் தாள் 'அ பார்கிட்', செம்பருந்து.

மழை விட்டதும் மேட்டிலிருக்கும் தேசிய நூலகத்துக்கு ஏறினேன். 1907இல் சாசனம் பெற்றது. தலைநகரில் வைக்காமல் இந்தக் கடலோரச் சிற்றூரில் வைத்திருக்கிறார்களே என்று தோன்றும், ஆனால் அப்போது வேல்ஸுக்குத் தலைநகரே கிடையாது. கார்டிஃப் தலைநகரானது 1955இல்தான். பழைய செய்தித்தாள்களில் 11 லட்சம் பக்கங்களை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். சும்மா இருக்காமல் 'மெட்ராஸ்' என்று தேடினேன். 1877 பஞ்சச் செய்திகள் வரிசையாக வந்தன. ஆட்டு விலைக்கும் தேவாலயக் கச்சேரிக்கும் நடுவில் நம் பட்டினிச் சாவுகள். அதற்குமேல் உட்கார முடியவில்லை, இறங்கி வந்துவிட்டேன்.

மாலை ஐந்தரைக்குக் கடற்பாலத்துக்குப் போனேன். 1865இல் திறந்தபோது 794 அடி நீளமாம். அடுத்த ஜனவரியிலேயே புயல் ஒரு பகுதியைக் கொண்டுபோனது, பிறகு வந்த புயல்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. இப்போது மிச்சம் 300 அடி. குளிர்காலத்தில் அதன் அடியிலுள்ள இரும்புச் சட்டங்கள்தான் ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங்குகளுக்கு இரவுக் கூடு. நம் மைனாவின் சொந்தக்காரப் பறவை. முதலில் பத்து வந்தது, அப்புறம் ஐம்பது, பிறகு எண்ண முடியவில்லை. கறுப்புத் துணியை வானத்தில் உதறியதுபோல் சுருங்கி, விரிந்து, ஒரு கணம் காணாமல் போய், சட்டென்று எல்லாம் பாலத்தின் அடியில் கொட்டின. அப்புறம் சத்தம். சந்தைக்கடைச் சத்தம். கூடவே எச்ச நாற்றம். அழகான படம் போடுகிறவர்கள் இந்த நாற்றத்தைப் பற்றி ஏனோ எழுதுவதில்லை.

பக்கத்தில் நாயுடன் நின்றவர் தானாகவே ஒரு கதை சொன்னார். அயர்லாந்து மன்னனுக்கு வாழ்க்கைப்பட்ட பிரான்வென் என்ற வெல்ஷ் இளவரசியைச் சமையற்கட்டில் தள்ளி, தினமும் கசாப்புக்காரனை விட்டு அறையச் சொன்னார்கள். பிறந்த வீட்டுக்குச் செய்தி போகாதபடி கப்பல்களை நிறுத்திவிட்டார்கள். அவள் மாவு பிசையும் தொட்டியின் விளிம்பில் வைத்து ஒரு ஸ்டார்லிங்கை வளர்த்து, பேசப் பழக்கி, இறக்கையில் கடிதம் கட்டி அண்ணனிடம் அனுப்பினாள். கிளியும் அன்னமும் தூது போன மொழிக்காரன் நான். என்னிடமே மைனா தூதா என்று நினைத்துக்கொண்டேன். நாய் என் ஷூவை நக்கிக்கொண்டிருந்தது.

இரவு ஏழு மணிக்குத்தான் உண்மையான கூத்து. பக்கத்துக் கிராமத்துத் தாள் அச்சாகி வந்துவிட்டது, மடிக்க ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று விடுதி அம்மா கேட்டார். எனக்கு வேறு என்ன வேலை? தேவாலயத்தை ஒட்டிய சின்னக் கூடம். நீள மேஜைகள், சுவரோரம் கொதிக்கும் தேநீர்ப் பானை, பன்னிரண்டு பேர். பாதிப் பேருக்கு எழுபதுக்கு மேல். மூன்று பெரிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பில் மடிப்பை அழுத்த வேண்டும். எதிரே இருந்த பெரியவர் கையைப் பார்க்காமலே மடித்தார், பேச்சும் நிற்கவில்லை. ஒவ்வொரு இருபது பிரதிக்கும் ஒரு தடவை உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். மை ஒட்டினால் அடுத்த பக்கத்துக் கல்யாணப் பெண்ணின் முகத்தில் ஏறிவிடுமாம்.

பேச்சு முழுக்க வெல்ஷ்தான். என் பக்கம் திரும்பும்போது மட்டும் ஆங்கிலம். 'நாங்கள் உள்ளே நுழைந்ததும் வேண்டுமென்றே வெல்ஷுக்கு மாறிவிடுவார்கள்' என்று பர்மிங்ஹாமில் ஒருவர் எச்சரித்திருந்தார். மாறவெல்லாம் இல்லை. கதவுக்கு வெளியே நிற்கும்போதே வெல்ஷ்தான் கேட்டது. 2021 கணக்கெடுப்பில் இந்தக் கெரடிகியன் மாவட்டத்தில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 45.3 சதவீதம், வேல்ஸ் முழுக்க எடுத்தால் 17.8 தான். தன் வீட்டில் தன் மொழி பேசுவதற்கு உள்நோக்கம் கற்பிப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன், பஸ்ஸில் அம்மாவுடன் போனில் பேசும்போது.

பெரியவர் 1963 பற்றிச் சொன்னார், அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன். அந்த ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, நீதிமன்ற அழைப்பாணை வெல்ஷிலும் வேண்டும் என்று கேட்டு, பெரும்பாலும் மாணவர்களாக இருந்த ஒரு கூட்டம் அஞ்சலகச் சுவரில் சுவரொட்டி ஒட்டிவிட்டு, ஊருக்குள் வரும் ட்ரெஃபெஹன் பாலத்தில் குளிரில் உட்கார்ந்து போக்குவரத்தை மறித்தது. வெல்ஷ் மொழிச் சங்கத்தின் முதல் போராட்டம் அது. "எங்கள் அப்பாவுக்குச் சரியான கோபம்" என்றார். அழைப்பாணைக்காகவா என்றேன். "இல்லை, பால்வண்டி அரை மணி நேரம் நின்றுவிட்டது."

நான் முப்பது பிரதிகளுக்குமேல் மடித்த பிறகுதான் என் அடுக்கில் நடுத்தாள் தலைகீழாக இருப்பதை ஓர் அம்மா கண்டுபிடித்தார். படிக்கத் தெரியாத மொழியில் எது தலை எது கால்? படங்களையாவது பார்த்திருக்கலாம்தான். கூடமே சிரித்தது. பிரித்து மறுபடி மடித்தோம். ஒன்றே ஒன்றை மட்டும் தலைகீழாகவே விட்டு, நான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். வெண்ணெய் தடவிய 'பாரா ப்ரித்' மூன்று துண்டு சாப்பிட்டேன். தேநீரில் ஊறிய உலர்பழம் போட்ட கேக்தான், ஆனால் அவர்கள் அதை ரொட்டி என்கிறார்கள்.

பிப்ரவரி 28, வெள்ளி

வெயில். நேற்று அமாவாசை, அதனால் இன்று கடல் நன்றாக உள்வாங்கும், போர்த்துக்குப் போங்கள் என்று விடுதி அம்மா துரத்தினார். ரயிலில் கால் மணி நேரம்கூட இல்லை.

போர்த் ஒரே தெரு ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சதுப்பு. அலை விலகிய இடத்தில் மணலுக்கு நடுவே கறுப்பாக மரக்கட்டைகள் தலைநீட்டுகின்றன. பைன், ஓக், பிர்ச், ஆல்டர். 4,500 முதல் 6,000 ஆண்டு முந்தைய காடு. கல்லாகியிருக்கும் என்று நினைத்துத் தொட்டேன், ஈரமான பழைய கதவுபோல் மெத்தென்று இருந்தது. வேர்கள் அப்படியே விரல் விரித்துக் கிடக்கின்றன, சேற்றுக்குள் கரி உடைந்த வாசனை. கடல் மட்டம் உயர்ந்து நன்னீர் வடிய வழியில்லாமல் காடு செத்திருக்கிறது. கீழே சேர்ந்த புல்கரிதான், அதாவது சதுப்பில் பாதி மக்கிய செடிப் படிவுதான், மரத்தை மக்கவிடாமல் காத்தது. 2014 ஜனவரிப் புயல் மணலை அள்ளிக்கொண்டு போனபோது இன்னும் நிறைய வெளியே வந்ததாம். அதே புயல் அபெரிஸ்ட்வித்தின் கடலோர நடைபாதையைப் பெயர்த்து, பழைய நிழற்கூடத்தின் அடியில் குழி பறித்துவிட்டது. அதை மறுபடி அப்படியே கட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டைகளைப் பார்த்தவர்கள் கதை கட்டாமல் இருப்பார்களா? கடலுக்கடியில் கண்ட்ரெர் க்வைலாட் என்ற நாடு இருந்தது, மதகுக் காவலன் செய்தெனின் குடித்துவிட்டுக் கதவை மூட மறந்தான், நாடு மூழ்கியது. நம் பூம்புகாரை இந்திர விழா எடுக்க மறந்ததற்காகக் கடல் கொண்டது. இரண்டு ஊரிலும் மறதிதான் குற்றம். ஆனால் நம் கதையில் மறந்தது ராஜா, இவர்கள் வாட்ச்மேன் தலையில் கட்டிவிட்டார்கள்.

அலை திரும்புவதைக் கவனிக்காமல் ஒரு வேர்க்கூட்டத்தில் நின்று படம் எடுத்ததில் இரண்டு ஷூவும் நனைந்தன. மீனும் சிப்ஸும் 12 பவுண்ட், காலுறையைப் பக்கத்தில் காயவைத்துக்கொண்டே சாப்பிட்டேன். கடைப்பெண் எதுவும் சொல்லாமல் பழைய செய்தித்தாளைக் கொண்டுவந்து ஷூவுக்குள் சுருட்டித் திணித்துவிட்டுப் போனார். பெரிய மனசு.

திரும்பும் வழியில் போர்த் ஸ்டேஷனிலேயே ஒரு சின்ன அருங்காட்சியகம் கண்ணில் பட்டது. ஊர்த் தொண்டர்கள் நடத்துவது. நான் போன நேரம் பூட்டியிருந்தது.

மார்ச் 1, சனி

வேல்ஸின் காவல் புனிதர் செயின்ட் டேவிட்டின் நாள். இவர்கள் மொழியில் தேவி. இந்த ஆண்டு நாளும் சனியும் ஒன்றாக வந்துவிட்டதால் ஊரே தெருவில். சிறுமிகள் சிவப்புச் சால்வையும் உயரமான கறுப்புத் தொப்பியும், சிறுவர்கள் ரக்பி சட்டையும். சட்டையில் டாஃபடில் பூ. சிலர் வெங்காயத்தாளின் பெரியப்பா போன்ற லீக் தண்டையே குத்தியிருந்தார்கள். ஒரு பையன் தன் லீக்கைக் கடித்துக்கொண்டு வந்தான், மணிக்கூண்டை விட்டுப் புறப்பட்டபோது முழுதாக இருந்தது, கடைத்தெரு முடியும்போது வேர் மட்டும் இருந்தது. கறுப்பில் பொன்னிறச் சிலுவை போட்ட கொடிகள், பித்தளை வாத்தியம், கடைவாசலில் கை தட்டும் கடைக்காரர்கள். நான் ஓரமாக நிற்க, நேற்று முன்தினம் கரண்டி பிடித்த பெரியவர் ஊர்வலத்திலிருந்தே கத்தினார்: "தலைகீழ்!" சுற்றியிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

மதியம் விடுதி அம்மா வீட்டிலேயே 'கௌல்'. ஆட்டுக்கறி, உருளை, லீக், டர்னிப் வகைக் கிழங்கு போட்டு முந்தின நாளே கொதிக்கவைத்து, ஒரு இரவு வைத்திருந்து மறுபடி சுடவைத்த குழம்பு. பழைய மீன்குழம்பின் ருசி தெரிந்தவனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மிளகுத்தூள் டப்பாவை நான் மூன்றாவது முறை எடுத்தபோது அவர் பார்த்த பார்வை மட்டும் கொஞ்சம் சங்கடம். மேஜையில் அவர் தங்கையும் இருந்தார். பார்க்கிங் கட்டணத்தைத் திட்டினார்கள், வங்கிக் கிளைகள் மூடுவதைத் திட்டினார்கள், கோடையில் மட்டும் வந்து போகிறவர்கள் வீடுகளை வாங்கிப் பூட்டிவைப்பதை எல்லாவற்றையும்விட அதிகமாகத் திட்டினார்கள். குளிர்காலத்தில் சில தெருக்களில் விளக்கே எரிவதில்லை என்று தங்கை சொன்னபோது அக்கா மறுக்கவில்லை. தாளை வீடுவீடாகக் கொடுக்கிறவர் அக்காதான். "முன்பு இந்தச் சந்தில் பதினொரு வீட்டுக்குக் கொடுப்பேன். இப்போது நாலு."

கான்ஸ்டிட்யூஷன் மலைக்கு 1896ஆம் ஆண்டு இழுவை ரயில் ஒன்று உண்டு. நான் போனபோது ஓடவில்லை, நடந்தே ஏறினேன். மேலே காற்று என்னை நிற்கவிடவில்லை, பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன். மலையடிவாரத்தில் நடைபாதை முடியும் இடத்தில் ஓர் இரும்புக் கம்பி. கடற்கரை நடை போகிறவர்கள் அதைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். ஏன் என்று மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பதில். நானும் உதைத்தேன். ஷூ இன்னும் காயாததால் செருப்புடன் போயிருந்தேன். கட்டைவிரல் நகம் நீலமாகிவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் விடுதி அம்மா கல்லில் சுட்ட வெல்ஷ் கேக் ஆறு கட்டிக் கொடுத்தார். என் பெயரோடு 'பாக்' என்று சேர்த்துக் கூப்பிட்டார். சின்னவனே என்று பொருள், நம் 'கண்ணு' மாதிரி. எனக்கு நாற்பத்தாறு வயது.

ரயிலில் பெட்டி சரிதானா என்று கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன். திரும்பும்போது பிரிவதில்லை, சேர்வதுதான், தூங்கலாம் என்றார். தூங்கவில்லை. டவி ஜங்ஷனில் கூண்டு காலியாக இருந்தது.

பையிலிருந்து அந்தத் தலைகீழ்த் தாளை எடுத்து விரித்தேன். முகப்பைத் தாண்டியதும் முகங்கள் எல்லாம் கவிழ்ந்து தொங்கின. தாளைத் திருப்பிப் பிடித்தேன், அடுத்த பக்கத்தில் மறுபடி திருப்பினேன். எதிரே உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தபடி இருந்தார். இங்கிலாந்தில் வேலை பார்க்கிறவராம், வார இறுதிக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்.

"அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் காட்ட முடியுமா?" என்றார் திடீரென்று.

நீட்டினேன். கட்டம் கட்டிய ஒரு சின்னப் படத்தின்மேல் விரலை வைத்தார், கண்ணாடி போட்ட பாட்டி ஒருவர். அவருக்கு நேராக இருக்கும்படி தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மெதுவாக, உதடு அசைய, நான்கு வரிகளையும் படித்தார்.

"எனக்கு ஆரம்பப் பள்ளியில் டீச்சர்" என்றார். "யாருமே சொல்லவில்லை."

வெல்ஷ் கேக் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினேன். ஒன்றை எடுத்துக்கொண்டார்.